ஐந்தரைக் கட்டை

அப்பாவுக்கு வணக்கம். முட்டி வலி குறைந்ததா? நான் நலம்.

இளையர் இசைப் போட்டியில் பாடினேன். பரிசு இல்லை, வருத்தப்படாதீர்கள். மேல் ஸ்தாயிக்குக் குரல் எட்டவில்லை. என் சுருதிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போட்டியாளர் வைஷாலிமேல்தான் முதலில் சந்தேகம் வந்தது.

“என் பெட்டியில சுருதிக் கட்டையை ஏத்திட்டியா?” என்று நேராகவே கேட்டேன்.

“நான் தொடவே இல்ல லா,” என்றாள், இந்த ஊர் இழுவையில்.

நம்பவில்லை. ஜூரோங்கில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்து பார்த்தேன். திருகு நகராமலிருக்க ஐந்தரைக் கட்டையில் நீங்கள் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. பிரித்து ஒட்டியிருப்பாளோ என்று விளக்கடியிலும் பார்த்தேன். டேப்மேல் பதிந்த உங்கள் நகக்கீறல்கூடக் கலையவில்லை. இறங்கியது என் குரல்தான். இங்கே நாள் முழுக்க யாரோடும் பேசுவதில்லை, அதனால் இருக்கும்.

பனங்கற்கண்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பேசி முடிக்கும்வரை வைத்துவிடாதீர்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

மதுமிதா