கயிறு காணுமோ

ஞாயிறு இரவு, இல்ஃபோர்ட்

ஜோர்தானிலிருந்து நேற்றே வந்துவிட்டோம். நித்திரைதான் வரவில்லை.

சுற்றுலாவில் அங்கே ஒரு பாலைவனப் பாறைப் பிளவுக்குள் நான்தான் முதலில் கயிற்றில் இறங்கினேன். இறங்குமுன், நீளம் போதுமா என்று இவரைக் கேட்டேன்.

"என்னப்பா, கயிறு நிலம்வரைக்கும் காணுமோ?"

"ஓம், ஓம்."

எட்டியும் பார்க்காமல் சொன்னார். நிலத்துக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கக் கயிறு முடிந்துவிட்டது. நுனியில் நான் போட்டிருந்த முடிச்சுத்தான் என்னை நிறுத்தியது. மேலிருந்து இவர் இன்னொரு கயிறு இறக்கும்வரை தொங்கினேன். இன்று அதைத் தன் தமக்கைக்குப் பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறார்.

படுக்கும்போது கேட்டேன்.

"காஸ் நிப்பாட்டியாச்சோ?"

"ஓம்."

ஆறு வருடக் கலியாணத்தில் அந்த ஓமை நம்பித்தான் கண்ணை மூடியிருக்கிறேன். இன்றைக்கு எழும்பிக் குசினிக்குப் போனேன்.

நிறுத்தித்தான் இருந்தது. இரண்டாம் முறையும் போய்ப் பார்த்தேன்.