பின் சீட்டு முஸல்லா

செவ்வாய், இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு

ஹைபிரிட் காரின் எச்சரிக்கை விளக்கு இன்றும் பாலாவி உப்பளத்துக்குப் பக்கத்தில் எரிந்தது. மூன்று தடவை கராஜுக்குக் கொண்டுபோயும் அங்கே எரிந்ததில்லை. இன்று வீட்டுக்கு வராமல் நேரே போனேன். மெக்கானிக் பின்கதவைத் திறந்து பார்த்தான்.

"இங்க பாருங்க நானா, பெட்டரிக்குக் காத்துப் போற ஓட்டைய இந்த முஸல்லா மூடிட்டுக் கெடக்கு. அதான் பெட்டரி சூடாகி லைட் எரியுது."

மௌத்தாகி மறைந்துவிட்ட என் மனைவியின் தொழுகை விரிப்பு அது. கராஜ் அழுக்குப் படக்கூடாதென்று ஒவ்வொரு தடவையும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனது நான்தான்.

முன் சீட்டில் அதை வைத்து ஓட்டி வந்தேன். விளக்கு எரியவில்லை.

அவள் எப்போதும் பின்னால்தான் இருப்பாள். முன் சீட் என் உம்மாவுக்கு. உம்மா மௌத்தான பிறகும், "முன்னுக்கு வந்து இரு" என்று அவளிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.