வாசலில் ஒரு ஜோடி சப்பாத்து

ஜொகூர் பாரு
13 பிப்ரவரி 2025

அன்புள்ள சுபா,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவைத்த நீ மின்னஞ்சலை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அல்லது, அதையும் தடுக்க மனசு வரவில்லை. இரண்டாவதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முகநூலில் நம் பயணக் குழுவில் ஒரு மாதமாக என்னோடு மல்லுக்கட்டும் 'ஜெலுத்தோங் ராணி' யார் என்று மூன்று நாளைக்கு முன்புதான் எனக்குத் தெரிந்தது. விமானத்தில் பவர் பேங்க்கை எந்தப் பையில் வைப்பது, விமான நிலைய வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா, எல்லையில் முகத்தைப் படம் பிடிக்கும் இயந்திரத்தை நம்பலாமா, எதைச் சொன்னாலும் அந்த ராணி குறுக்கே விழுந்தாள். யாரோ வேலைவெட்டி இல்லாத பெண் என்று நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ஒருவர் கேட்டார் அல்லவா, எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிறோமே, திருடன் வந்தால் என்ன செய்வது என்று? நான் முறையாக, இருபக்கமும் பேசும் கேமரா ஒன்று வையுங்கள் என்றேன். உடனே ராணி எழுதினாள்: "கேமரா திருடனப் படம்தான் பிடிக்கும், ஆளப் பிடிக்காது லா. வாசல்ல ஒரு ஆம்பள சப்பாத்தப் போட்டு வைங்க, படியிலேயே திரும்பிடுவான்." கூடவே ஒரு படம். குழுவே கைதட்டியது. நான் மட்டும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் வேலைச் சப்பாத்து. இடது கால் நுனியில் வெள்ளைப் பெயிண்ட். ஹாலுக்குப் பெயிண்ட் அடித்த அன்று நீ டப்பாவைத் தட்டிவிட்டு, பழியை என்மேல் போட்டாயே, அந்தப் பெயிண்ட்.

ஆம், குழுவில் உன்னோடு வாதாடும் 'கண்காணி' நான்தான். கேமரா பொருத்திப் பிழைப்பவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

ஒரே ஒரு குறை சொல்லிவிடுகிறேன். படத்தில் சப்பாத்தின் மூக்கு தெருவைப் பார்க்கிறது. வீட்டுக்குள் இருக்கும் ஆள் அவிழ்த்துப்போட்ட சப்பாத்து கதவைப் பார்த்துத்தான் கிடக்கும். கெட்டிக்காரத் திருடன் கண்டுபிடித்துவிடுவான்.

சுற்றி வளைப்பானேன். ஒன்றரை வருடமாக அந்தச் சப்பாத்துக்கு வாசலில் இடம் கொடுத்திருக்கிறாய். சப்பாத்துக்காரனுக்கு உள்ளே இடம் இருக்கிறதா? எனக்கு வீட்டுக்கு வர வேண்டும், சுபா.

உன்
தயாளன்

*

ஜெலுத்தோங், பினாங்கு
15 பிப்ரவரி 2025

கண்காணி அவர்களுக்கு ராணியின் வணக்கம்.

நல்ல பெயர் பார்த்து வைத்தீர்கள்! எஸ்டேட்டில் நம் தாத்தாக்கள் கண்காணியிடம் பட்டது போதாதென்று, நான் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டேன்.

சப்பாத்தை நான் வைத்திருப்பது பாசத்தால் என்று நினைத்து அங்கே உட்கார்ந்து உருகாதீர்கள். முழுக்கப் பாசமில்லை என்று சொல்லமாட்டேன், பொய் எனக்கு வராது. ஆனால் தனியாக இருக்கிற பெண் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வந்தால் வீடு விடியும்வரை பூட்டிக் கிடக்கும். ஒரே இடத்தில் கிடந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தினமும் சப்பாத்தை நகர்த்தி வைக்கிறேன். மழை பெய்தால், ஆள் நனைந்து வந்த மாதிரி அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறேன். மூக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன், உங்களுக்கு ஒரு மார்க்.

இப்போது என் பக்கம். நீங்கள் ஜொகூருக்கு வேலைக்குப் போனபோது ஹாலில் கேமராவை மாட்டிவிட்டு, "பாதுகாப்புக்குத்தான் சுபா" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். பத்து நாளில் போன் வந்தது. "ஏழரைக்கு நீலச் சட்டை போட்டுக்கிட்டு வந்தது யாரு? மேசையில ரெண்டு கிளாஸ் இருந்துச்சே?" குழாய் அடைப்பு எடுக்க வந்த ஹைருல் அவர். வேர்த்து விறுவிறுத்து வந்த மனிதருக்கு ஒரு கிளாஸ் சிரப் கலந்த குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். அதை மூன்று நாள் உங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? நாலாம் நாள் கேமராவைப் பிடுங்கித் துண்டில் சுற்றி பிஸ்கட் டின்னில் போட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்தினீர்கள்.

நேராகக் கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். உள்ளே இடம் இருக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய கண்காணிக்கு இல்லை.

இருபத்திரண்டாம் தேதி நான் லீவு போட்டுவிட்டு ரயிலிலேயே தாய்லாந்தில் சியாங் மாய் வரை போகிறேன். யாரோடு என்று சொல்லப்போவதில்லை. வீட்டில் ஆள் வேண்டும். நீங்கள் வந்து இருங்கள். நான் இருக்கும் இடத்தைப் போனில் காட்டமாட்டேன். பிடித்ததை நானே எழுதுவேன். யாரோடு, எப்போது, ஏன் என்று ஒரு கேள்வி வரக்கூடாது. கேட்காமல் இருந்துவிட்டால், நான் திரும்பி வரும்போது நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம், அப்புறமும் இருக்கலாம். கேட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

முடியுமா?

சுபா

*

ஜொகூர் பாரு
16 பிப்ரவரி 2025

என் சுபாவுக்கு,

முடியுமாவா! ஊமைச் சாமியார் மாதிரி இருந்து காட்டுகிறேன், பார்.

முதலாளியிடம் லீவு வாங்கிவிட்டேன். "எங்கே அண்ணே, ஹனிமூனா?" என்று ஆபீஸில் ஃபிக்ரி கேட்டான். "வீட்டுக் காவல்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

நீ சொன்ன ஹைருல் விஷயம். அப்போது எனக்குப் பயமாக இருந்தது, சுபா. இங்கே வாடகை அறையில் ராத்திரி தனியாக உட்கார்ந்து நம் ஹாலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஊருக்கெல்லாம் கேமரா விற்கிறவன் இதை யாரிடம் சொல்வான்? உன்னிடம் சொல்கிறேன்.

குழுச் சகா என்கிற முறையில் ஒரே ஒரு யோசனை, இது கேள்வியில் சேராது: படங்களை ஊர் திரும்பிய பிறகு போடு. போகும்போதே போட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

உன்
தயா

*

ஜெலுத்தோங்
21 பிப்ரவரி 2025

அன்புள்ள தயா,

வீட்டில்தான் ஆள் இருக்கிறதே, பிறகென்ன? தாராளமாகப் போடுவேன். நல்லா இருக்கிறது உங்கள் யோசனை!

சாவி, நீங்கள் போன பிறகு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த காமாரியா அக்காவிடம் இருக்கிறது. உங்களைச் சுலபத்தில் நம்பமாட்டார், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மீன் குழம்பு இரண்டு டப்பா ஃப்ரீஸரில் இருக்கிறது, மேலே உங்கள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். நோன்பு தொடங்குவதற்குள் காமாரியா அக்காவுக்கு ஒரு நாள் தோசை சுட்டுக் கொடுங்கள், ஆசைப்பட்டார்.

பிஸ்கட் டின் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஒளித்துவைக்கவில்லை.

விடிந்ததும் ஃபெரி பிடித்து பட்டர்வொர்த் போய் ரயில் ஏறுகிறேன். மனசு இறக்கை கட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்கள்
சுபா

*

ஜெலுத்தோங், நம் வீடு
26 பிப்ரவரி 2025

என் அன்பு சுபா,

மேலே 'நம் வீடு' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா?

உன் காமாரியா அக்கா லேசுப்பட்டவர் இல்லை. அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஓ, சப்பாத்துக்காரரா! இத்தனை நாளா நாங்க உங்க சப்பாத்தைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கோம்!" என்றார் மலாயில். நீ இரவு ஷிப்ட் போகும் நாட்களில் அவர்தான் அதை நகர்த்தி வைப்பாராம். நான் இல்லாத வீட்டில் என் சப்பாத்துக்கு இரண்டு பேர் வேலை பார்த்திருக்கிறீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்.

குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன், இனி சொட்டாது. தோசை முதல் நாலும் கல்லோடு போயிற்று, ஐந்தாவதிலிருந்து காமாரியா அக்காவுக்கு. "ரோட்டி சானாய் மாதிரி இருக்கு" என்றார். என் தோசையைப் பரோட்டா ஆக்கியதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மீன் குழம்பு இரண்டு டப்பாவும் காலி. இரண்டாவதை நேற்று நின்றுகொண்டே தின்று முடித்தேன்.

டின்னை இறக்கிப் பார்த்தேன். துண்டைப் பிரித்தேன். கேமரா இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடியும் துண்டில் சுற்றி, டின்னில் போட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. இனி ஹாலில் எதுவும் வேண்டாம் சுபா. மாட்டிய ஆணியையும் பிடுங்கி, ஓட்டையில் சுண்ணாம்பு பூசிவிட்டேன்.

நீ குழுவில் போடுகிற படங்களை எல்லோரும் வியக்கிறார்கள். ரயில் படுக்கை, ஜன்னலில் வயல், மலை மேல் கோயில். 'ராணி, தனியாகவா போறீங்க? பயமா இல்லையா?' என்று ஒருவர் கேட்டதற்கு, 'பயத்தை வீட்டில் விட்டுட்டு வந்திருக்கேன்' என்று பதில் போட்டாய். வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பயம் நான்தானே.

ஒரு விஷயம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன். நேற்றுக் காலைப் பசியாறும் படத்தில் மேசைமேல் இரண்டு காப்பிக் கோப்பை இருக்கிறது. ஒன்று பாதி குடித்தது. கரண்டியில் எதிரே இருக்கும் ஆளின் உருவம் தெரிகிறது, பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் போட்ட சட்டை. வெளியூரில் புதிதாகப் பழகுகிறவர்களை நம்பக்கூடாது என்று குழுவிலேயே எத்தனை தடவை பேசியிருக்கிறோம். தெரிந்தவர்தானா என்று மட்டும் ஒரு வரி போடு. கேள்வி இல்லை இது. சொன்னால் நிம்மதியாகத் தூங்குவேன், அவ்வளவுதான்.

சப்பாத்தைக் கழுவி, மூக்கைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

உன்னை எதிர்பார்த்து,
தயா

*

சியாங் மாய்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள தயாளனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைவாசலில் உட்கார்ந்து படித்தேன். முக்கால்வாசி படித்தபோது எனக்கும் கண்ணீர் வந்தது. ஆணியைப் பிடுங்கிச் சுண்ணாம்பு பூசிய இடத்தில் நிறுத்திக்கொண்டு, வந்ததும் உங்களுக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்தேன். நண்டு வாங்கலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்புறம் கரண்டி வந்தது.

ஹாலில் கேமரா வேண்டாம் என்று எழுதிய அதே கடிதத்தில், ஒரு கரண்டிக்குள் புகுந்து சட்டையின் கட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். நான் டின்னில் போட்டது இயந்திரத்தை மட்டும்தான் போலிருக்கிறது.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். கோபம் முதல் வரியிலேயே தீர்ந்துவிட்டது. நீங்கள் கெட்டவரில்லை. குழாயைச் சரிசெய்வீர்கள், அக்காவுக்குத் தோசை சுடுவீர்கள், உண்மையாக அழுவீர்கள். உங்கள் பயமும் உண்மைதான். ஆனால் உங்கள் பயத்துக்கு நான் ஆயுசு முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரு கிளாஸ் சிரப்புக்கு மூன்று நாள். ஒரு காப்பிக்கு எத்தனை நாளோ, அம்மாடி, எனக்குத் தெம்பில்லை.

அந்த இரண்டாவது கோப்பைக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. படத்தைப் போட்ட அன்றே உங்களுக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். இப்போது அதைக் குழுவில் எழுதுவேன். மற்றவர்களோடு நீங்களும் படித்துக்கொள்ளலாம்.

நான் ஐந்தாம் தேதி வருகிறேன். அதற்கு முன் கிளம்பிவிடுங்கள். சாவியைக் காமாரியா அக்காவிடம் கொடுங்கள், அவரிடம் சிரித்த முகமாகவே விடைபெறுங்கள். பிஸ்கட் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், மறக்காமல். கழுவி வைத்தது நல்லதாகப் போயிற்று. மற்றபடி, நமக்குள் முறைப்படி முடிக்க வேண்டியதை அடுத்த மாதம் உட்கார்ந்து பேசுவோம். சண்டை வேண்டாம்.

ஒரு சந்தோஷச் செய்தி: விவாதத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சற்றுமுன் குழுவில் எழுதினேன். 'கண்காணி சொன்னதுதான் சரி. ஆம்பள சப்பாத்து யோசனைய நான் விட்டுட்டேன் லா.' ஏன் என்று பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள்.

இனி என் வாசலில் என் சிலிப்பர் கிடக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் சரி.

சுபாஷினி