மூடியைத் திற

சைகோன், 1969 ஜூன் 12, வியாழன்

லான் நாளை டான் சோன் நுட் விமானத் தளத்தில் அமெரிக்கர்களின் சமையலறை வேலைக்கான தேர்வுக்குப் போகிறாள். காரைக்கால்காரர் ஒருவரின் விதவை. தமிழ் நன்றாகப் பேசுவாள். வேலை கிடைத்தால், குண்டு விழும் கூச்சி என்ற ஊரிலிருந்து தன் தாயை இங்கே அழைத்துக்கொள்ளலாம்.

இன்று மாலையும் வழக்கம்போல் தேர்வுப் பயிற்சிக்காக ஒரு சமையல் குறிப்பை ஆங்கிலக் கட்டளைகளாகச் சொன்னேன். அவள் அடுப்பில் செய்துகாட்டினாள். நறுக்கு, வதக்கு, கிளறு. ஒன்றிலும் பிழையில்லை. அப்போது ஒரு விமானம் தாழப் பறந்தது. அந்த இரைச்சலை மீறிக் கேட்கட்டும் என்று, மூடியைத் திறக்கச் சொல்லி ஆங்கிலத்தில் கத்தினேன்.

கரண்டி விழுந்தது. லான் தலைமேல் கைவைத்து மண்டியிட்டிருந்தாள்.

"ஊர்ல வீட்டச் சோதன போட வந்த அமெரிக்கனுங்க இப்படித்தாண்ணே கத்துனானுங்க" என்றாள் எழுந்து. பிறகு அவளே சிரித்தாள். "நாளைக்குத் தேர்வு வைக்கிற தடியன் காதோடயா சொல்லப்போறான்? இன்னொரு வாட்டி கத்துங்க."

கத்தினேன். மறுபடியும் மண்டியிட்டாள்.

"இன்னொரு வாட்டிண்ணே."

நான் கத்தாமல், கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

விடிந்ததும் போய்விடுவாள். அங்கே மெதுவாகப் பேசுகிறவன் ஒருவன் இருப்பான் என்று நம்பப் பார்க்கிறேன். இத்தனை வருடம் அமெரிக்கர்களிடம் வேலை பார்த்து அவர்கள் சமையலறைகளில் சாப்பிட்டிருக்கிறேன். அப்படி ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை.