கைக்கு வந்த பந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி இப்போது தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

நான் கூட்டித் துடைக்கிற பள்ளிக்கூடத்தில் ஆண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே படித்த பாடத்தையே டீச்சர் விளையாட்டாக மறுபடி நடத்துகிறார். பந்தை வீசுவார், பிடிக்கிறவர்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று வகுப்பு வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் கோட்டைவிட்ட பந்து நேராக என் கைக்கு வந்துவிட்டது.

“அக்கா பிடிச்சிட்டாங்க! அக்காதான் பதில் சொல்லணும்!” என்று ஒரே கூச்சல். அக்காவாம்! எல்லாருக்கும் என் வயதுதான் இருக்கும். எனக்கே சிரிப்பு வந்தது.

இதயத்துக்குள் ரத்தம் எந்த வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி. நான் சிவப்பும் நீலமுமாக வரைந்தேனே, நீங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டினீர்களே, அதே பாடம். எவ்வளவோ யோசித்தேன் அம்மா. ஒரு வரிகூட வரவில்லை.

“பாவம், அவங்கள விடுங்கப்பா. பந்தக் கொடும்மா” என்றார் டீச்சர். நல்லவர்தான். கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பப் படிப்பேன் என்று கட்டிவைத்த புத்தகங்களை மாமா மகளுக்குக் கொடுத்துவிடுங்கள். எனக்கு இனி வேண்டாம். அந்தப் படத்தை மட்டும் கிழியாமல் எடுத்து அனுப்புங்கள். என் கட்டில் பக்கத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறது.

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், நான் உள்ளே போக வேண்டும்.

உங்கள் மகள்