இரண்டு பாட்டிலும் ஒரே மட்டம்

மார்ச் 3, செவ்வாய்

இந்த ஆய்வகமே என் தோளில்தான் நிற்கிறது. நான் கழுவித் தராத கண்ணாடிக் குடுவையில் இங்கே எவனும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. இதை இன்று டீக்கடையில் நாற்பது பேர் முன்னால் சொன்னேன். (நானே எழுதி நானே படிப்பது, பொய் எதற்கு? நாலு பேர்.) அதில் ஒருவன் என் மச்சான், மனைவியின் தம்பி. மூன்றாம் மாடி நுண்ணோக்கி அறைக்கு அவன்தான் ராஜா. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "உங்கள மாதிரி ஒரு குமிழி என் ரூம்ல இருந்தா ஒரு நிமிஷம் தாங்காது மாமா. அவ்ளோ காத்து!"

எல்லோரும் சிரித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தவன் நான்.

மார்ச் 4, புதன்

கழுவிய கண்ணாடியை வேண்டாவெறுப்பாக அவன் அறைக்குக் கொண்டுபோனேன். குமிழிகளைக் காட்டினான். கொழுப்பால் ஆன தோல், சோப்பு நுரையைவிட மெல்லிசு. உள்ளே சர்க்கரைத் தண்ணீர், வெளியே குளுக்கோஸ் தண்ணீர்.

"தோல் வழியா தண்ணி போய் வரும், சர்க்கரை போகாது. வெளிய கெட்டியா இருந்தா உள்ள இருக்கற தண்ணி கிளம்பிடும், சுருங்கிடும். வெளிய நீர்த்துப்போனா தண்ணி உள்ள பாயும், உப்பி வெடிக்கும். இந்த ரெண்டு பாட்டிலும் சமமா இருக்கணும். தொடாதீங்க மாமா."

தொடாதீங்களாம்! வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வருகிறது. குமிழியை ஒழுங்காகக் காட்டாவிட்டால் அறையும் நுண்ணோக்கியும் எதிர் அறைக்காரர்களுக்கு. போகட்டுமே, எனக்கென்ன?

மார்ச் 5, வியாழன்

டீக்கடை விஷயத்தில் மனைவி தம்பி பக்கம். சாப்பாட்டுத் தட்டு மட்டும் 'டங்' என்று வந்தது.

மார்ச் 6, வெள்ளி, காலை

தரை துடைக்கப் போனேன். மேசையில் அந்த இரண்டு பாட்டில். சர்க்கரை கழுத்து வரை, குளுக்கோஸ் பாதி! இதுதான் இவன் சமமா? படித்த மடையன். காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, கண்ணை மட்டத்துக்கு வைத்துப் பார்த்து, இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். இதைக் குழு முன்னாலேயே சொல்லி, அவன் மூக்கை உடைக்க வேண்டும்.

அன்றே, மாலை

அந்தக் குளுக்கோஸை அவன் சொட்டு விட்டதும் குமிழிகள் உப்பின. திரையில் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் வாயைப் பிளந்து, கொஞ்சம் கக்கி, மூடி, மறுபடி உப்பி, மறுபடி பிளந்து... மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை. நான் முன்னால் போய் நின்றேன்.

"கவலப்படாதீங்க! ரெண்டு பாட்டிலையும் காலைலதான் நான் சமமாக்கி வச்சேன்."

"என்னத்த ஊத்துனீங்க?"

"சுத்தமான தண்ணிதான்."

"நான் மட்டத்தையா சொன்னேன்? கரைஞ்சிருக்கற அளவச் சொன்னேன் மாமா!"

"நீ சொன்னது சமம். சமம்னா சமம்தானடா?"

"வாய மூடுங்க. ஒரு தடவையாவது."

அத்தனை பேர் முன்னால். என்னை. குழுத் தலைவியம்மா பேனாவை மூடிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

அறை போய்விட்டது. குழுவே என் கையைப் பிடித்துக் குலுக்கியது என்று டீக்கடையில் சொன்னேன். ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மனைவி வாயைத் திறந்தாள்: "என் தம்பி வாழ்ந்த இடம் அது. அத உங்க வாயில போட்டு முழுங்கிட்டீங்க." அப்புறம் மூடிக்கொண்டாள். ஏன், அவன் தெளிவாகச் சொல்லியிருந்தால் என்ன? குற்றம் என் பேரில்தானா?

மார்ச் 19, வியாழன்

மச்சானுக்கு இடம் இல்லாமல் அவன் மேசையை என் கழுவும் அறையிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். என் ராஜ்யத்தில்! பாட்டில்களில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறான்: 'மாமா, தொடாதீர்கள்.' வருகிறவன் போகிறவனெல்லாம் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறான்.

அவன் கிளம்பிய பிறகு பார்த்தேன். குளுக்கோஸ் பாட்டிலின் மூடி கோணலாக உட்கார்ந்திருந்தது, அதுவும் கண்ணாடி உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்தில். காலைக்குள் தண்ணீர் ஆவியாகும். மிச்சம் கெட்டியாகும். கெட்டியானால் குமிழி சுருங்கும்.

மூடியை அழுத்தித் திருகினேன். பாட்டிலை அடுப்பை விட்டுத் தள்ளி வைத்தேன்.

அவனிடம் சொல்லப்போவதில்லை. நன்றி சொல்லித் தொலைப்பான். அந்தப் பயலிடம் நன்றி வாங்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை.

டீக்கடையிலும் சொல்லவில்லை.