புதன்கிழமை தேதியிட்ட ஆணை

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம். நீயும் சுகமாக இரு, ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நிம்மதியாக மட்டும் இருக்காதே. உன் அம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டே என்னைத் திட்டுவதால் பாதி புரிவதில்லை, இந்த நோயால் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான். எதிர்வீட்டுத் தையல்காரரைப் போலீஸ் பிடித்துப்போய் எட்டு நாள் ஆகிறது. ஒரே அறையில் முப்பது பேராம், நாலு பேருக்கு இருமலாம். அவர் மனைவி தினமும் காலையில் நம் வாசலில் வந்து நிற்கிறார், ஒன்றும் கேட்பதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஏனென்றால், "ஊரடங்கு முப்பது நாள் நேத்தோட முடிஞ்சிருச்சு, தைரியமா கடையைத் திறங்க" என்று வியாழக்கிழமை அவரிடம் சொன்னவன் நான்தான்.

நான் சொன்னது தப்பா? ஊரடங்கை முப்பது நாளுக்கு மேல் நீட்ட வேண்டுமென்றால், அந்த நாளுக்குள் சட்டசபை சம்மதிக்க வேண்டும், அரசிதழில் அச்சாக வேண்டும், இல்லாவிட்டால் ஆணை செத்துப்போகும் என்று சட்டக் கல்லூரியில் படித்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. சபை கூடியது வெள்ளிக்கிழமை. நீட்டிப்பு ஆணை எங்கள் அரசு அச்சகத்துக்கு, என்னிடம் மெய்ப்புப் பார்க்க வந்ததும் வெள்ளிக்கிழமை மதியம். அதில் ஆணைக்கும் சபை சம்மதத்துக்கும் போட்டிருந்த தேதி மட்டும் புதன்கிழமை. சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, நீ வேலை பார்க்கும் சட்டத்துறை அனுப்பிய மூலப்பிரதியைப் புரட்டினேன். தட்டச்சில் சரியாக இருந்த தேதியை அடித்துவிட்டுப் புதன்கிழமை என்று எழுதியிருந்தது உன் கை, பக்கத்தில் உன் சுருக்கொப்பம். அந்தக் கையைச் சிலேட்டில் பிடித்துப் பழக்கியவனுக்கு எழுத்து அடையாளம் தெரியாதா. முப்பத்தொரு வருஷத்தில் யாருக்காகவும் ஒரு பிழையை விட்டவனில்லை, அன்று என் சுழியை நானே அடித்துவிட்டு "சரி" என்று எழுதினேன். உன்மேல் வரும் கோபத்தைவிட என்மேல் எனக்கு வரும் கோபம் பெரிது.

மேலதிகாரி சொன்னார், நோய் பரவுகிறது, நாலு உயிர் பிழைக்கட்டும் என்றுதானே செய்தோம் என்று நீ சொல்வாய். காய்ச்சல் பொய் என்று நான் சொல்லவில்லையே. சபையை இரண்டு நாள் முன்னால் கூட்டியிருந்தால் யார் கையைப் பிடித்தார்கள்? உங்கள் சோம்பேறித்தனத்துக்கு ஒரு தையல்காரரா உள்ளே போக வேண்டும்? வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிர்தான் வேலி தாண்டியது என்று வழக்குப் போடுகிறீர்கள். வெட்கமாக இருக்கிறது.

நேற்று அந்த மெய்ப்புத் தாளையும் மூலப்பிரதியையும் தையல்காரரின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். என் வேலை போகும், போகட்டும். "இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு கோர்ட்ல கேட்டா என்ன சொல்வீங்க" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். என் மகளுடையது என்று சொல்வேன் என்றேன். உன் அம்மா அதிலிருந்து சாப்பிடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, கூட்டத்தில் போகாதே. எங்கே இருந்தாலும் நோய் நொடி உன்னை அண்டாமல் இருக்கட்டும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அதற்குள் நீயே போய் உண்மையைச் சொல்லிவிடு அம்மா, என் வாயால் உன்னைக் காட்டிக்கொடுக்க வைக்காதே.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா